பக்கவாட்டில் விழுந்த தேங்காய்

மூன்றாவது குழந்தை பிறந்த பிறகுதான் எங்கள் கார் சின்னது என்று தெரிந்தது. பின் சீட்டில் பெரியவளுக்கு ஒரு குழந்தை இருக்கை, நடுவனுக்கு ஒன்று என்று மாட்டியிருந்தோம். இரண்டுக்கும் நடுவே மிச்சமிருந்த இடத்தைத் தையல் டேப்பால் அளந்தேன். ஒன்பது அங்குலம். கடைக்குட்டியின் இருக்கைக்குப் பதினேழு வேண்டும். டேப் நாள்பட்டு இழுபட்டுப் போயிருக்குமோ என்று தோன்றியது. பெரியவளின் பள்ளி ஸ்கேலை எடுத்து வந்து டேப்பையே அளந்தேன். டேப் சரியாகத்தான் இருந்தது.

"மடியில வெச்சுக்கிட்டா ஆச்சு. நாமெல்லாம் மடியில உக்காந்து வளர்ந்தவங்கதான?" என்றார்கள் சொந்தத்தில் எல்லோரும். நானும் இரண்டு மாதம் முன் சீட்டில் உட்கார்ந்து மடியில்தான் வைத்துக்கொண்டு போனேன். அவிநாசி ரோட்டில் ஒரு நாள் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. என் கணவர் பிரேக் போட்டார். அப்படி ஒன்றும் வேகமாக நாங்கள் போகவில்லை. நான் குழந்தையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். பிடித்திருந்தும் அவன் வழுகிப் போய், நெற்றி டாஷ்போர்டில் மோதியது. லேசான வீக்கம், வேறொன்றும் இல்லை. டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டேதான் அனுப்பினார். ஆனால் என் கைகளை நம்புவதை அன்றோடு விட்டுவிட்டேன். மூன்று பிள்ளைகளும் மூன்று இருக்கையில், மூன்று பெல்ட்டில் உட்கார வேண்டும். அப்படி ஒரு வண்டி வரும்வரை ஐந்து பேரும் ஒன்றாக எங்கும் போவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது பிறக்கும்வரை நான் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் பார்த்தவள். மற்றவர்கள் செய்து முடித்ததில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலையை விட்டாலும் புத்தி போகவில்லை. ஷோரூம்களுக்கு மூன்று குழந்தை இருக்கைகளையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டே போனேன். "ஏழு பேர் தாராளமா உக்காரலாமுங்க மேடம்" என்று ஒரு பையன் சொன்னான். சரி, உட்கார்ந்து காட்டுங்கள் என்றேன். கடைசி வரிசையில் ஏறி உட்கார்ந்தவனின் முழங்கால் தாடையைத் தொட்டது. அவன் தலைக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில் என் கையை விட்டுப் பார்த்தேன். ஒரு சாண்கூட இல்லை. பின்னால் இருந்து எவனாவது இடித்தால் முதலில் யார் மேல் இடிப்பான் என்று கேட்டேன். அவன் மேனேஜரைக் கூட்டி வந்தான். மேனேஜர் காபி கொடுத்தார்.

இப்படி நாலு கடை ஏறி இறங்கி, என் கணவர் சலித்துப் போயிருந்த நேரத்தில்தான் கோபியிலிருந்து பெரிய மாமா போன் பண்ணினார். என் கணவரின் பெரியப்பா. என் மாமனார் சின்ன வயதிலேயே இறந்துவிட, என் கணவரைக் கோபிசெட்டிபாளையத்தில் தன் வீட்டில் வைத்து வளர்த்துப் படிக்க வைத்தவர் அவர். எங்கள் கல்யாணத்தில் தகப்பன் இடத்தில் நின்றவர்.

"ஏனுங் அம்மணி, நம்ம ஊட்டு வண்டி சும்மா கெடக்குது. ஏழு பேர் போற வண்டி. தம்பி கரண்ட் வண்டி எடுக்கறானாமா. வெளிய ஆருக்கோ குடுக்கறதுக்கு நம்ம பொடுசுங்க போகட்டும். கொண்டாந்து உடச் சொல்றேன். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. புடிச்சா வெச்சுக்கங்க."

"வெலை என்னங்க மாமா?"

"அட, அதென்ன பேச்சு! குடுக்கறதைக் குடுங்க."

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு முதல் சந்தேகம் அந்த இடத்திலேயே வந்தது. விலை சொல்லாத பொருளைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

சனிக்கிழமை காலையில் பெரிய மாமாவின் மகன் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். என் கணவருக்குத் தம்பி, எனக்குக் கொழுந்தன். வெள்ளை வண்டி, நாலு வருஷம்தான் ஆகியிருந்தது. கழுவித் துடைத்து, டாஷ்போர்டில் புதிதாகச் சந்தனம் வைத்து, கதவைத் திறந்தால் மல்லிகை வாசனை அடித்தது. பிள்ளைகள் மூன்றும் கேட்காமலே ஏறிக்கொண்டன. நான் இருக்கைகளை மாட்டினேன். நடு வரிசையில் இடது பக்கம் கடைக்குட்டி, வலது பக்கம் நடுவன், பின்னால் பெரியவள். பின்னால் காலுக்கும் தலைக்கும் இடம் இருந்தது. டேப்புக்கே வேலையில்லை. அப்படிப் பொருந்திப் போனதும் எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, வண்டி எங்காச்சும் அடி கிடி பட்டிருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரர் கொடுக்கும் வண்டியை அப்படிக் கேட்கக் கூடாது. மெக்கானிக்கைக் கூட்டி வந்து பார்க்கக் கூடாது. குனிந்து டயரைப் பார்ப்பதே அதிகம். பொண்ணு பார்க்கப் போன வீட்டில் பொண்ணின் பல்லை எண்ணுகிற மாதிரி அது.

கொழுந்தன் சிரித்தான். "இல்லீங்க அண்ணி. தோப்புல நிறுத்தியிருந்தப்ப ஒருவாட்டி தேங்கா உழுந்து கண்ணாடி போச்சு. அவ்வளவுதானுங்க. மாத்தியாச்சு."

"தேங்கா உழுகாத தோப்பு எங்க இருக்குது?" என்று என் கணவர் பேச்சை அதோடு முடித்து, தம்பிக்கு இட்லி வைக்கச் சொன்னார்.

முதல் மூன்று நாள் நான் சந்தேகப்பட்டதெல்லாம் தப்பாகவே போயிற்று. இவ்வளவு வாசனை எதற்கு, மழைத் தண்ணீரில் முங்கிய வண்டியோ என்று மிதியடியைத் தூக்கி அடியில் துழாவினேன். நிலக்கடலைத் தோல்தான் கிடைத்தது. ஓடின கிலோமீட்டர் குறைவாக இருக்கிறதே, மீட்டரைத் திருப்பிவிட்டார்களோ என்று பிரேக் பெடலின் ரப்பர் தேய்மானத்தைப் பார்த்தேன். தேயவே இல்லை. என்ஜின் அதிர்கிறது என்றேன். என் கணவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, பக்கத்து ஃபிளாட்டின் தண்ணீர் மோட்டார் ஓடுவதாகச் சொன்னார்.

"உனக்கு வண்டி வேண்டாமா, இல்ல எங்க ஊடே வேண்டாமா? அதைச் சொல்லு மொதல்ல" என்றார் அன்றைக்கு. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. நான் அழுதுவிட்டேன். அவர் சொல்வதும் சரிதானோ என்று இருந்தது. பாசமாகக் கொடுக்கிறவர்களைப் பற்றி இப்படி நினைக்கிறேனே, என் பிள்ளைகளும் என்னைப் பார்த்து இப்படியே வளர்ந்துவிடுமோ என்று பயந்தேன். இனி இந்த வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

புதன்கிழமை பெரியவளைப் பாட்டு வகுப்பில் விட்டுவிட்டு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வேப்ப மரத்தடியில் வண்டிக்குள் காத்திருந்தேன். கடைக்குட்டி தூங்கிக்கொண்டிருந்தான். சும்மா இருக்க முடியாமல் கண்ணாடிகளின் மூலையைப் பார்த்தேன். எல்லாக் காரிலும் கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் கம்பெனி முத்திரையும், அது எந்த வருஷம் செய்தது என்ற எண்ணும் இருக்கும். நாலு ஷோரூம் அலைந்ததில் நான் கற்றுக்கொண்டது அது. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, வலது பக்கம் எல்லாமே வண்டி வாங்கின வருஷத்தைச் சேர்ந்தவை. இடது பக்கப் பின்கதவின் கண்ணாடி மட்டும் இரண்டு வருஷம் பிந்தியது. அதற்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடியும் அப்படியே.

இதைத்தானே தேங்காய் என்று சொன்னான், சரிதான் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். ஆனால் உட்கார்ந்திருந்தது மரத்தடியில் அல்லவா? மேலே நிமிர்ந்து பார்த்தேன். மரத்திலிருந்து விழுவது கூரையில் விழும். முன்கண்ணாடியில் விழும். கதவின் கண்ணாடியில், அதுவும் அடுத்தடுத்த இரண்டு கண்ணாடியில், தேங்காய் பக்கவாட்டில் எப்படி விழுந்தது? கூரையில் ஒரு சொட்டைகூட இல்லையே?

அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் கடைக்குட்டி வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

எங்கள் பெரியவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகும் ஆட்டோக்காரரிடம் மறுநாள் மெதுவாக விசாரித்தேன். உக்கடத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பாய் இருக்கிறார், அடிபட்ட வண்டியின் தகரத்தைத் தட்டி நிமிர்த்துவதில் முப்பது வருஷ அனுபவம், பொய் சொல்ல மாட்டார் என்றார். பொய் சொல்ல மாட்டார் என்று எதற்குத் தனியாகச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு சாயங்காலம் பிள்ளைகளிடம் ஐஸ்கிரீம் வாங்கப் போகிறோம் என்று சொல்லிக் கிளம்பினேன்.

பாய்க்கு அறுபது வயதிருக்கும். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இடது பின்கதவின் மேல் விரல் நுனியால் மட்டும் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார்.

"வேலை செஞ்சவன் கெட்டிக்காரன்" என்றார். "இந்தப் பக்கம் நல்ல அடி வாங்கியிருக்கு தங்கச்சி. கதவு புதுசு. கதவுக்கு நடுவுல இருக்கற தூணை நிமிர்த்தியிருக்காங்க. யாரு வண்டி இது?"

"சொந்தக்காரங்க வண்டிங்க பாய்."

"நெருங்குன சொந்தமா?"

"ரொம்ப."

அவர் முன் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜினைக் கிளப்பவில்லை. "மீட்டர் போர்டைப் பாருங்க. இப்ப எல்லா லைட்டும் ஒருவாட்டி எரிஞ்சு அணையணும். உள்ள இருக்கறதெல்லாம் நல்லா இருக்குதுன்னு வண்டி தானே சொல்லிக்கிற சேதி அது. பெல்ட்டு எரியுதா? பிரேக்கு எரியுதா? ஏர்பேக் லைட்டு எங்க?"

பார்த்தேன். ஒரு ஆள் மடியில் பந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போன்ற படம் அது. எங்கள் பழைய காரில் தினமும் பார்த்திருக்கிறேன். இதில் எரியவே இல்லை. ஐந்து நாளாக இந்த வண்டியில் எது தப்பாக எரிகிறது, எது தப்பாகச் சத்தம் போடுகிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். எரிய வேண்டியது எரியாமல் இருப்பதை நான் தேடவில்லை.

பாய் பின்கதவின் ரப்பரை உரித்து, கூரையின் உள்விளிம்பை லேசாக விலக்கி டார்ச் அடித்தார். "இங்க நீளமா, சுருட்டி வெச்ச சேலை மாதிரி ஒரு பை இருக்கணும். இடிச்சா கண்ணாடிக்கும் கொழந்தை தலைக்கும் நடுவுல திரை மாதிரி எறங்கும். வெடிச்சிருக்கும், அறுத்து எடுத்துட்டாங்க. புதுசு போடல. போடாம உட்டா லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால லைட்டைக் கொன்னுட்டாங்க."

உள்ளே வெறும் தகரம். அதில் பொடி மண்.

இவர் வேலை பிடிக்க இப்படிச் சொல்கிறாரோ என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். ரப்பரைத் திரும்ப அழுத்திக்கொண்டே அவர் சொன்னார்: "என்னையும் நம்பாதீங்க. கம்பெனி சர்வீஸ்ல உட்டு மெஷின் போட்டுப் பாருங்க. காசு வேண்டாம், போங்க. பிள்ளைங்களுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுங்க, ரொம்ப நேரமா அதையே கேக்குது."

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனி சர்வீஸில் மெஷினும் போட்டுப் பார்த்தாயிற்று. இடது பக்கப் பை இல்லை, அதனால் மொத்த அமைப்பும் தன்னை அணைத்துக்கொண்டிருக்கிறது, எங்கே இடித்தாலும் ஒரு பைகூட விரியாது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். கம்ப்யூட்டர் திரையைப் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க ஒத்திகை பார்த்தேன். அதற்கு வேலையே வைக்காமல், அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியவள் ஆரம்பித்தாள்.

"அப்பா, நேத்து ஐஸ்கிரீம் கடைக்கு முன்னாடி ஒரு தாத்தா கடைக்குப் போனோம். அந்தத் தாத்தா நம்ம காரோட வாயைத் தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. அம்மா அழுதாங்க."

"நான் ரெண்டு ஐஸ்கிரீம்" என்றான் நடுவன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். போட்டோவை இரண்டு தரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பெரியப்பாவுக்குத் தெரியாது" என்றார். "அவருக்குத் தெரிஞ்சிருந்தா குடுத்திருக்கவே மாட்டாரு." அதை மூன்று தடவை சொன்னார். மூன்றாவது தடவை என்னிடம் கேட்பது போல இருந்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். மகன் பொய் சொன்னான் என்று தகப்பன் முன்னால் நிற்க வேண்டும். வளர்த்தவர் கொடுத்த வண்டியை ஊரான் ஒர்க்ஷாப்பில் பிரித்துப் பார்த்தோம் என்பதும் வெளியே வரும். அந்த வீட்டு வாசலை அவர் அதற்குப் பிறகு எப்படி மிதிப்பார்? அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்ய முடிவெடுத்தோம். மரியாதையாக ஒரு பொய். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் தூணுக்கு நடுவில் வண்டி திரும்ப மாட்டேன் என்கிறது, எனக்கு ஓட்டப் பயமாக இருக்கிறது, சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்கிறோம். பழியை என் மேல் போட்டுக்கொள்வதாக நானே சொன்னேன். பொம்பளைக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால் எல்லோரும் உடனே நம்பிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை என் தங்கையிடம் விட்டுவிட்டு, நானும் அவரும் மட்டும் வண்டியைக் கோபிக்கு ஓட்டிப் போனோம். வழியெல்லாம் எதிரே வந்த ஒவ்வொரு லாரியையும் பார்த்துக்கொண்டே போனேன்.

எல்லாம் நினைத்தபடிதான் நடந்தது. பெரிய மாமா வாசலுக்கே வந்து கூட்டிப் போனார். நான் பார்க்கிங் தூண் கதையைச் சொன்னேன். "அட, இதுக்கென்ன அம்மணி, ஓட்ட ஓட்டப் பழகிரும்" என்றார். இல்லீங்க மாமா, பயமாக இருக்குதுங்க என்றேன். அவர் முகம் லேசாக வாடியது. ஆனால் வற்புறுத்தவில்லை. "செரி, நம்ம ஊட்டுலயே கெடக்கட்டும். பேத்திய ஸ்கூலுக்குக் கொண்டு போறதுக்கு ஆச்சு." கொழுந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தான். எனக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கிற பார்வை. நான் ரசத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மாமாவின் மனைவி, பெரியத்தை, இலையில் இன்னொரு அப்பளம் வைத்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

கை கழுவிவிட்டு வாசலுக்கு வந்தபோது கொழுந்தனின் மனைவி, என்னைவிட ஐந்து வயது சின்னவள், தன் நாலு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். டெய்லரிடம் பாவாடை வாங்கப் போகிறார்களாம். "கார் வந்துருச்சு, கார் வந்துருச்சு" என்று குழந்தை குதித்தது. அவள் அந்த இடது பின்கதவைத் திறந்தாள். குழந்தை தானே ஏறி, சீட்டில் நின்று, கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு எனக்கு டாட்டா காட்டியது.

என் பிள்ளைகள் கோவையில் பத்திரமாக இருந்தார்கள். எனக்கு வேண்டியது நடந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் நான் பேசாமல்தான் நின்றேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு, "கண்ணு, அவளை எறக்கு" என்றேன்.

"ஏனுங்க அக்கா?"

"அந்தப் பக்கம் பை இல்ல. எந்தப் பக்கமும் இல்ல. லைட்டையும் எடுத்துப்போட்டாங்க."

யாருக்கும் புரியவில்லை. நான் பதற்றத்தில் கோர்வை இல்லாமல் பேசினேன். என் கணவர் என் கையைப் பிடித்தார். நிறுத்தத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவரே போனை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் போல ஒவ்வொன்றாகச் சொன்னார். கதவு மாற்றியது, தூண் நிமிர்த்தியது, மெஷின் சொன்னது. ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனது உட்பட. "நாந்தானுங்க கொண்டு போகச் சொன்னேன்" என்று அங்கே மட்டும் ஒரு பொய் சேர்த்தார்.

"கோயமுத்தூருல இருந்தா இப்படித்தான். எல்லாத்துலயும் சந்தேகம்" என்றான் கொழுந்தன். "தேங்கா உழுந்துச்சுன்னு அன்னைக்கே சொன்னனல்லங்க அண்ணி?"

"தேங்கா பக்கவாட்டுல உழுகுமாடா?" என்று கேட்டது நான் இல்லை. பெரிய மாமா. ஆயுள் முழுக்கத் தென்னை மரத்தடியில் வாழ்ந்தவர், அந்தக் கேள்வியை அதுவரை கேட்காமல் விட்டிருந்தார் என்பது அவர் குரலில் தெரிந்தது.

பிறகு உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சத்தியமங்கலம் ரோட்டில் சிநேகிதர்களோடு போனபோது ஒரு கரும்பு லாரி வளைவில் பக்கவாட்டில் இடித்தது. யாருக்கும் பெரிய காயம் இல்லை. வீட்டுக்குத் தெரியாமல் எங்கோ வெளியூரில் விட்டுச் சரி செய்துவிட்டு, தேங்காய் விழுந்து கண்ணாடி போனதால் சர்வீஸுக்கு விட்டிருப்பதாக அவன் பத்து நாள் சொல்லியிருக்கிறான். பை போடவில்லை என்பது அவனுக்கே தெரியுமா தெரியாதா என்பது எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. தெரியாது என்று அவன் சத்தியம் செய்தான். நம்பினவர்கள் நம்பட்டும்.

பெரிய மாமா வண்டிக்குப் பக்கத்தில் போய், "எறங்கு கண்ணு" என்று பேத்தியைத் தூக்கிக் கீழே விட்டார். எங்களைப் பார்க்காமலே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கொண்டு போய் உடச் சொல்றேன், இருங்க" என்றார். வேண்டாமுங்க என்றோம். அவரும் இன்னொரு முறை சொல்லவில்லை. அந்த வீட்டில் ஒறம்பரையாக வந்த விருந்தாளி யாரையும் ஒரே ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு விட்டதை நான் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தோம். கோவை வந்து சேரும்வரை என் கணவர் ஜன்னல் வழியாக வாழைத் தோட்டங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் வேறு வண்டி எடுத்துவிட்டோம். புதுசு, விலை தெளிவாக எழுதி ஒட்டியிருந்த வண்டி. மூன்று இருக்கைகளும் பொருந்துகின்றன. கதவு கொஞ்சம் கனம், பெரியவளுக்குச் சாத்த வராது. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

நாலு மாதம் கழித்து அந்தக் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். எங்கள் பக்கத்தில் நெருங்கின சொந்தத்துக்கு நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைப்பார்கள். எங்களுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. என் கணவர் அதை நாள் முழுக்கத் திறந்து திறந்து பார்த்தார். போக வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். "பெரியப்பா பேரு போட்டிருக்குதல்ல, போகணும்" என்றார்.

சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோவில். பெரிய மாமா எங்களைப் பார்த்து "வாங்க" என்றார். எல்லோருக்கும் சொன்ன அதே வாங்க. "அம்மணி" என்பது மட்டும் வரவில்லை. ஆனால் என் கடைக்குட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கெடா வெட்டுகிற பக்கம் தெரியாமல் மறுபக்கமாகக் கூட்டிப் போனார். பெண்கள் சிலர் என்னைப் பார்த்துத் தங்களுக்குள் பேசினார்கள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்று அவள் மெஷின் வைத்துப் பார்ப்பாள் என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சிரிப்பும் கேட்டது. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

பந்தியில் கொழுந்தனின் மனைவி பரிமாறிக்கொண்டு வந்தாள். என் இலைக்கு வந்ததும் குனிந்து, குழம்பு ஊற்றுகிற சாக்கில் மெதுவாகச் சொன்னாள். "சரி பண்ணியாச்சுங்க்கா. மாமாவே கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போய், கம்பெனியிலயே ரெண்டு நாள் உக்காந்திருந்து போட வெச்சாங்க. பை, லைட்டு, எல்லாமே."

"நல்லதாச்சு கண்ணு" என்றேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

கை கழுவப் போனபோது அந்த வெள்ளை வண்டி புளிய மரத்து நிழலில் நிற்பதைப் பார்த்தேன். சின்னக் காதில் புதுக் கம்மலோடு அந்தக் குழந்தை அதைச் சுற்றி ஓடி விளையாடிக்கொண்டிருந்தது. கம்பெனியில் போட்டதாக இவளிடம் யார் சொன்னார்கள்? பெரிய மாமாவா, இல்லை அவனா? அவர் இரண்டு நாள் உட்கார்ந்திருந்ததை இவள் பார்த்தாளா? உட்கார்ந்திருந்தாலும் உள்ளே என்ன நடந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? விருந்துக்கு வந்த இடத்தில் இது என்ன புத்தி என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வண்டிக்கும் பந்தலுக்கும் நடுவில் நின்றேன், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. அவள்தான். குழம்பு வாளியை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"கண்ணு, தப்பா நெனச்சுக்காத" என்று ஆரம்பித்தேன். "சாவிய ஒரு நிமிஷம்…"

"அதுக்குத்தானுங்க்கா வந்தேன்" என்றாள். "அவிக எல்லாரும் சொல்றாங்க, எனக்குத்தான் தூக்கம் வரமாட்டீங்குது." சாவி அவள் கையிலேயே இருந்தது.